பல்லிக்கு யார் பலன் சொல்வார்?

பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது நம் மண்ணில் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. பொருள் தேடிப் போன தலைவன் திரும்பி வருவானோ என்று ஏங்கியிருக்கும் தலைவி பல்லியின் ஒலியைக் கேட்டு ஆறுதல் கொள்வதைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். தினைப்புனத்துள் நுழையவிருந்த காட்டுப்பன்றிகூடப் பல்லியின் குரல் கேட்டுப் பின்வாங்குவதாக நற்றிணைப் பாட்டொன்று உண்டு. எந்தத் திசையில் சொன்னால் என்ன நேரும், உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்பதற்கெல்லாம் பஞ்சாங்கத்தில் இன்றும் அட்டவணை அச்சாகிறது. திருமுழுக்குப் பெற்ற குடும்பங்கள் இதற்கு விலக்கு என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் புறப்பட்ட காலை, உச்சுக் கொட்டும் சத்தம் கேட்டதும் வாசற்படியில் ஒரு கணம் தயங்கி நிற்பதை நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

“ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்” என்று ஒரு பழமொழி உண்டு. அதில் கேலி இருக்கிறது. பானையில் விழுந்த பல்லியைப் பற்றிய கவலை இல்லை. இத்தனை நூற்றாண்டுகளாக, பல்லி நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்டோமேயன்றி, அது எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. 2023 டிசம்பரில் அந்தக் கேள்வி தருமபுரியில் நம் வீட்டு நடுக்கூடத்திற்கே வந்து சேர்ந்தது.

ஓசூரில் வேலை பார்க்கும் நம் தங்கை மகன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது கையில் ஒரு கண்ணாடித் தொட்டியும் கொண்டுவந்தான். உள்ளே மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகளோடு ஒரு சாண் நீளத்தில் ஒரு பல்லி. அவன் நண்பர் ஒருவர் வெளிநாடு போகிறவர், இதை இவனிடம் தள்ளிவிட்டிருக்கிறார். பெங்களூரில் ஒருவர் வளர்த்த பல்லிகளுக்குப் பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். “ரெண்டு மாசம் இங்க இருக்கட்டும் மாமா, எனக்கு ராத்திரி ஷிப்ட்” என்று வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சிறுத்தைப் பல்லி என்று சொல்லத்தக்க இதனை ‘லெப்பர்டு கெக்கோ’ என்கிறார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய வறண்ட கல்நிலங்கள் இதன் தாயகம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணை நாக்கால் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை உண்டு. ஆனால் சுவரில் ஏறும் ஒட்டுப் பாதம் இல்லை. பகலில் பாறையிடுக்கில் பதுங்கி, அந்தியிலும் இரவிலும் வெளிவந்து பூச்சி தேடும். உணவில் மிஞ்சும் கொழுப்பை வாலில் சேர்த்து வைக்கும். ஆதலால் கொழுத்த வால் அதன் களஞ்சியம். நன்கு பேணினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும் என்று அறிந்தபோது, இரண்டு மாதத்துக்கு என்று வந்த விருந்தாளியைச் சற்று அச்சத்தோடு பார்த்தோம்.

தொட்டியை எங்கே வைத்தோம் தெரியுமா? கிறிஸ்து பிறப்புக் குடிலின் பக்கத்தில். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்ற பெருமைதான். இரவெல்லாம் வண்ண விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டினார்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று இரவுகள் அது கண்ணாடியின் மேல் முன்கால்களை ஊன்றி எழுந்து எழுந்து பிறாண்டிக்கொண்டிருந்தது. “விளையாடுகிறது” என்றோம். நான்காம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே அசையாமல் கிடந்தது. “பழகிவிட்டது” என்றோம். வாலை மெல்ல, பாம்புபோல் நெளித்துக் காட்டியபோது, நாய் வாலாட்டுவதைப் பார்த்துப் பழகிய நாம், மகிழ்கிறது என்றே முடிவுகட்டினோம்.

மூன்றும் தவறு. கண்ணாடியைப் பிறாண்டுவது பெரும்பாலும் வெளியேற வழி தேடும் தவிப்பு. அசையாமல் கிடந்தது குளிரினால். தருமபுரி மேட்டுநிலம், டிசம்பர் இரவுகளில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு. தன் உடம்பில் தானே சூடு உண்டாக்க இயலாத பிராணிக்குத் தொட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரி அளவிலும் மறுமுனை 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். சூடு போதாவிட்டால் தின்றதும் செரிக்காது. மெல்ல நெளியும் வாலோ, பகையைக் கண்டுவிட்டேன் என்னும் எச்சரிக்கை. இரையைக் கண்ட கிளர்ச்சியில் வால்நுனி விரைந்து துடிப்பது வேறு. ஆபத்து முற்றினால் அந்த வாலையே, தன் களஞ்சியத்தையே, கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். அந்த அளவுக்கு நாம் போகாமல் இருந்தது நம் அறிவினால் அன்று.

இங்கே நமக்குப் பேகன் நினைவுக்கு வருகிறான். நம் தருமபுரி பழைய தகடூர்; ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் ஊர். கடையெழு வள்ளல்கள் என்று போற்றப்படும் எழுவரில் அதியமான் ஒருவன். பழனி மலைப்பகுதியை ஆண்ட பேகனும் ஒருவன். மழைக்காலத்தில் மயிலைக் கண்டு, குளிரால் நடுங்குமே என்று இரங்கிப் பேகன் தன் போர்வையை அதற்கு அளித்தான். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்த நாளில் வியந்தோம். ஆனால் மழைமேகம் கண்ட மயில் அகவுவதும் தோகை சிலிர்ப்பதும் குளிரினால் அல்லவே! ஓர் உயிரின் களிப்பைத் துன்பமென்று அவன் படித்தான். நாமோ துன்பத்தைக் களிப்பென்று படித்தோம். பரணரும் இதை அறியாதவர் அல்லர். மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தே கொடுத்தவன் என்று வேறோர் இடத்தில் அவனைப் பாடுகிறார். தெரிந்தே கொடுத்தான் என்றால், போர்வை யாருடைய குளிரைப் போக்கியது என்று கேட்கத் தோன்றுகிறது. முல்லைக்குத் தேரீந்த பாரியைப் பற்றியும் இதே ஐயம் நமக்கு உண்டு. கொடிக்கு வேண்டியது ஒரு கொழுகொம்பு. இத்தகைய ஈகையை நம் முன்னோர் கொடைமடம் என்றனர். அதைப் புகழ்ச்சியாகவே சொன்னார்கள். ஆயினும் ‘மடம்’ என்ற சொல்லை அதிலிருந்து எடுத்துவிடவில்லை.

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்து நம் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மையார்தாம் நம் வீட்டுப் பேகன்களுக்கு முதற்பாடம் சொன்னவர். ஊரில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம் அவருடையது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவந்து ஏலம் விடுகிறவர்கள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் பல்லி மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது, தீனியையும் தொடவில்லை. இனிப் பிழைக்காது என்று பிள்ளைகள் முகம் வாடினார்கள். அந்த அம்மையார் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லீங்கண்ணா, சட்டை உரிக்கப் போவுது. கையை வெக்காம விடுங்க” என்றார். ஈரத்துணி வைத்த ஒரு சிறு மண்சட்டியைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். மறுநாள் காலை பல்லி புதுக்காசுபோல் இருந்தது. உரித்த தோலையும் காணோம். அதைத் தானே தின்றுவிடுவது இதன் இயல்பாம். விரல் நுனிகளில் மட்டும் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் அது இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலையே இழக்கச் செய்யும்.

சிறுத்தைப் பல்லியை அவர் வாழ்நாளில் பார்த்தவர் அல்லர். அப்படியிருக்க எப்படித் தெரிந்தது? பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கும். அந்த வேளையில் தின்னாமல், தலையைத் தூக்கியபடி ஏறத்தாழ ஒரு நாள் அசையாமல் நிற்கும். புதிதாக வளர்ப்பவன் நோயென்று பதறி இலையைக் கொட்டினால் அதுதான் கேடு. மாறாக, பால்புழு நோய் கண்ட புழு உடல் உப்பி மினுமினுத்து, தட்டின் விளிம்பில் ஓயாமல் ஊர்ந்து திரியும். தெரியாதவன் கண்ணுக்கு அது சுறுசுறுப்பு. அசைவு நலமென்றும் அமைதி நோயென்றும் பொதுவாக ஒரு விதி செய்துகொள்ள முடியாது. அதைத் திருப்பிப் போட்டும் விதி செய்ய முடியாது. ஒவ்வோர் உயிருக்கும் தனி இலக்கணம் இருக்கிறது. அந்த அம்மையார் அந்த இலக்கணத்தை இரவு இரண்டு மணிக்கு எழுந்து தட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். (அவர் வளர்த்த புழுக்களில் பத்தைக் கேட்டு வாங்கித்தான் பல்லிக்குத் தீனியாக்கினோம். வயலில் பிடித்த பூச்சி மருந்தடித்ததாக இருக்கலாம் அல்லவா! அந்தப் புழுக்களின் நலத்தை யார் கணித்தார் என்று நம் மகள் கேட்டாள். விடை சொல்லாமல் நகர்ந்துவிட்டோம்.)

‘நீதிமொழிகள்’ நூலின் 12ஆம் அதிகாரத்தில், நேர்மையாளர் தம் கால்நடையிடம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிய ஒரு வாக்கு இருக்கிறது. காத்தல், பரிதல் என்ற பொருள்பட நாம் அதைப் படித்து வருகிறோம். எபிரேய மூலத்தில் உள்ள வினைச்சொல்லோ ‘அறிகிறான்’ என்பது. தன் விலங்கின் உயிரை அவன் அறிகிறான். அறிந்தால்தானே பரிய முடியும் என்று மூலநூலாசிரியர் கருதினார் போலும். அறியாமலே பரிந்தவர்களின் கதையை மேலே சொன்னோம்.

ஆனால் அறிவது இயலுமா? 1974இல் தாமஸ் நேகல் என்ற அமெரிக்க மெய்யியலார், வௌவாலாய் இருப்பது எப்படியிருக்கும் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். வௌவாலின் மூளையைப் பற்றி எவ்வளவு கற்றாலும், வௌவாலுக்கு உலகம் எப்படித் தோன்றுகிறது என்பது நம் கைக்கு எட்டாது என்பது அவர் வாதம். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் தெக்கார்த்து, விலங்குகளைச் சக்கரங்களும் விற்களும் கொண்ட பொறிகளுக்கு ஒப்பிட்டார். தமிழில் நமக்கு இன்னொரு சிக்கல். ‘ஸ்ட்ரெஸ்’ என்பதை நாம் ‘மன அழுத்தம்’ என்று வழங்குகிறோம். 1936இல் ஹான்ஸ் செல்யே தம் ஆய்வைத் தொடங்கியபோது அவர் எலிகளின் உடம்பைத்தான் பார்த்தார்: குளிர், காயம், நஞ்சு என்று எது தாக்கினாலும் உடல் ஒரே வகையாக எதிர்வினை காட்டுகிறது என்று கண்டார். பின்னர் அதற்கு அவர் எடுத்தாண்ட பெயர், இரும்பும் பாலமும் தாங்கும் பளுவைக் குறிக்கப் பொறியாளர்கள் ஆளும் சொல். அங்கே மனம் இல்லை. நாமோ மொழிபெயர்க்கும்போதே மனத்தைச் சேர்த்துவிட்டு, பிறகு பல்லிக்கு மனம் உண்டா என்று வழக்காடுகிறோம்! பல்லியின் இரத்தத்திலும் அழுத்தம் மிகும்போது கார்டிகோஸ்டிரோன் என்னும் சுரப்பு கூடுகிறது. அது நீடித்தால் பசி குன்றும், நோயெதிர்ப்பு தளரும். அதற்குள்ளே யாரேனும் இருந்து துன்புறுகிறாரா என்ற கேள்வியை நேகலிடமே விட்டுவிடலாம். விளக்கை அணைப்பதற்கு அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

விளக்கை அணைத்தோம். தொட்டியை நடுக்கூடத்திலிருந்து எடுத்துப் பின்கட்டு அறைக்கு மாற்றினோம்; அது நம் அண்ணியாரின் அறை; வீட்டிலேயே சந்தடி குறைந்த இடம். ஒளிந்துகொள்ள இரண்டு ஓடுகள், அடியில் வெப்பம் தரும் விரிப்பு, அளவு மீறாமல் பார்க்க ஒரு வெப்பமானி. இரண்டு வாரம் யாரும் கையில் எடுக்கக் கூடாது என்று கட்டளை. நமக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர், “மாடு, ஆடு, கோழி என்றால் சொல்வேன், இது எனக்குப் புதுசு. மோசமானால் நாமக்கல் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள், வாராவாரம் எடை போடுங்கள்” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அவர்மீது நமக்கு மதிப்பு கூடியது. அவர் சொன்ன யோசனையும் பெரிது. இத்தகைய பிராணிகள் நோயை மறைக்கும். காட்டில் தளர்ச்சி காட்டியவன் அடுத்த நொடி இரையாவான். நோய் வெளியே தெரியும் நாளில் அது முற்றியிருக்கும். தராசு மட்டும் அதன் நடிப்புக்கு மயங்காது. வளர்ந்த பல்லி ஏறத்தாழ 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். நம்முடையது முதல் ஞாயிறு 54 கிராம்.

மகள் ஒரு குறிப்பேடு தொடங்கினாள். வால் கழுத்தைவிடப் பருத்திருக்கிறதா? கண் தெளிவா, குழி விழுந்ததா? தாடை உறுதியா? கால்சியம் குறைந்தால் தாடை இரப்பர்போல் இளகும், கால்கள் வளையும், விரல் நடுங்கும். எச்சம் கட்டியாக, ஓரத்தில் வெண்மையோடு இருக்கிறதா? புது இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் உண்ணாதிருப்பது வியப்பன்று. ஆனால் உண்ணாமையோடு எடையும் குறைந்து வாலும் சுருங்கினால் காத்திருக்கலாகாது. தனித்த எந்தக் குறியும் தீர்ப்பன்று.

இதையெல்லாம் பார்த்த பங்குப் பெரியவர் ஒருவர் நம்மிடம் நேராகவே கேட்டார்: “மனுசனுக்கு மருந்து இல்லாத ஊர்ல பல்லிக்கு வைத்தியமா?” கேள்வியில் நியாயம் இருந்தது. 1992இல் வெளிவந்த நம் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண், மனிதரின் துயர் நீக்கச் செலவாக வேண்டிய பணத்தை அவற்றின்மீது கொட்டுவதும் தகாது. அந்த வெப்ப விரிப்பின் விலை ஒரு குடும்பத்தின் ஒரு வார அரிசி. ஆனால் பிராணியைக் கூண்டில் அடைத்தவர்கள் நாம். அடைத்த பிறகு அதற்குச் சூடு தருவது தர்மம் அன்று, கடன். தர்மத்தில் சிக்கனம் பார்க்கலாம், கடனில் முடியாது. வாங்காமலே இருந்திருக்கலாம் என்பதுதான் அவருக்கு நாம் தந்திருக்க வேண்டிய விடை. 2022இல் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய பெட்டிகளில் பாம்புகளும் ஆமைகளும் ஒரு குரங்கும் சுங்கத்துறையினரிடம் பிடிபட்ட செய்தியைப் படித்தவர்கள், நம் ஊர் நட்சத்திர ஆமையைச் சட்டம் தடுத்தும் அதிர்ஷ்டம் என்று வாளிக்குள் வளர்ப்பவர்களைக் கண்டவர்கள், ‘ஆசையாக வளர்க்கிறோம்’ என்ற சொல்லை இனி எளிதாகச் சொல்ல மாட்டார்கள். நம் பல்லி வீட்டில் பிறந்தது என்பதும், சொன்னவர் வாய்ச்சொல்லே.

பேகன் கதையின் மறுபாதியைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் சொல்லவில்லை. புறநானூற்றில் கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் பேகனிடம் ஒரே வேண்டுகோளோடு போகிறார்கள். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறோர் இடத்தில் இருக்கிறான். அவள் வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள். பரணர் சொல்கிறார்: பசியென்று வரவில்லை, பரிசிலும் வேண்டாம், இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரை நீக்கு. மயிலுக்குப் போர்வை தந்தவனே என்று அவனை விளிக்கும் அதே பாட்டில் இதைச் சொல்கிறார். விளியிலேயே குத்தல் இருக்கிறது என்பதை வயது முதிர்ந்த பிறகே உணர்ந்தோம்.

அண்ணன் மறைந்த பின் அண்ணியார் கோவிலூரை விட்டு நம்முடன் வந்து இரண்டு ஆண்டுகள் ஆயின. “இருக்கிற இடமே தெரியாது, தொந்தரவே இல்லாத மனுஷி” என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லி வந்தோம். இரவில் ஒரு தம்ளர் பாலோடு நிறுத்திக்கொள்வார். பிறகு பாலும் நின்றது. வயதானால் பசி குறையும்தானே! பல்லி அவர் அறைக்குப் போன பிறகு காலைதோறும் அதன் இரவுச் செய்திகளை அவரே மகளுக்குச் சொல்வார். “ஒரு மணிக்கு வெளிய வந்துது. ரெண்டு மணி வாக்குல தண்ணிய நக்குச்சு. மூணு மணிக்குத்தான் புழுவைப் புடிச்சுது, நான் அசையாம இருந்தேன்.” மகள் அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அவ்வாறு ஒன்பது நாள் எழுதிய பிறகு, ஒருநாள் எழுதுகோலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “பெரியம்மா, இத்தனை மணிக்கும் நீங்க ஏன் முழிச்சிருக்கீங்க?”

அவர் உடனே சொல்லவில்லை. வற்புறுத்திய பிறகு வந்தது. கழிவறைக்குப் போக நடுக்கூடத்தைக் கடக்க வேண்டும். அங்கே பையன்கள் படுத்திருப்பார்கள். விளக்கைப் போட்டால் தூக்கம் கெடும். போடாவிட்டால் இடறிவிழப் பயம். எனவே மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீரையும் இரவு உணவையும் குறைத்துக்கொண்டார். தொண்டை வறண்டு தூக்கம் வராது. இரண்டு ஆண்டுகளாக அப்படி. வீட்டிலிருந்த தராசில் பல்லியை மூன்று முறை நிறுத்திருந்தோம். அண்ணியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று எடை பார்த்தபோது, வந்த ஆண்டின் சீட்டில் இருந்ததைவிட ஆறு கிலோ குறைவு.

முன்பக்க அறையில் கழிவறை உண்டு. அது நம் எழுத்து வேலைக்கென்று வைத்திருந்த அறை. புத்தகங்களைப் பின்கட்டுக்கு மாற்றினோம். கட்டில் போனபோது பல்லித் தொட்டியும் கூடவே போக வேண்டும் என்றார் அண்ணியார். தெருவிளக்கின் வெளிச்சம் விழாதபடி ஒரு பழைய புடவையைக் கிழித்து அவரே சன்னலுக்குத் திரை கட்டினார். தங்கை மகன் மார்ச்சில் வந்து, பெங்களூரில் ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடட்டுமா என்றான். இன்னொரு முறை இடம் மாற்றினால் தாங்குமா என்பதில் வீட்டில் இரு கட்சி. முடிவு இன்னும் ஆகவில்லை.

குறிப்பேட்டில் இப்போது எழுதுபவர் அண்ணியார்தாம். மூன்றாம் வகுப்பில் விட்ட எழுத்து, பெரிது பெரிதாக. சென்ற ஞாயிறு 62 கிராம் என்று இருக்கிறது. இந்த ஞாயிறு 60. வாலின் அடி சற்று மெலிந்தாற்போல் தோன்றுகிறது. கோடை தொடங்கிவிட்டதால் இருக்கலாம், தோலுரிக்கும் காலமாகவும் இருக்கலாம். புதன்கிழமை மறுபடி நிறுக்கச் சொல்லியிருக்கிறார்.